இடாப்பு அக்காவின் இடது கை

துணி துவைக்கும் மெஷினிடம் கூட "பிரசன்ட் டீச்சர்" வாங்கிவிடக்கூடிய ஒரே ஒரு பெண்மணிதான் இந்தப் பூமியில் பிறந்திருக்கிறாள். அவளைப் பார்த்துத்தான் நான் நாற்பது வருஷமாக வயிறெரிந்துகொண்டிருக்கிறேன்.

மரியாதையாக "அவர்" என்று எழுத வேண்டும்தான். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஆனால் வயிறெரியும்போது மரியாதை எங்கிருந்து வரும்? நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவளும் பொறுத்துக்கொள்வாள். அவள் எதைத்தான் பொறுத்துக்கொள்ளவில்லை? அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

எண்பதுகளின் நடுவில், டெக்ஸாஸில் எண்ணெய் விலை தலைகுப்புற விழுந்திருந்த சமயம். ஹூஸ்டனில் பெட்ரோலியம் எஞ்சினியராக இருந்த என் வீட்டுக்காரருக்கு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கையில் அட்டைப்பெட்டியைக் கொடுத்து, "மேஜையைக் காலி பண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் டல்லாஸ் பக்கம் இர்விங்கில் இரண்டு பிரம்மச்சாரி நண்பர்களோடு அப்பார்ட்மெண்டில் ஒட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் வேலைக்கு அலைந்தார். நான் வடக்கு டெக்ஸாஸில், பெண்களுக்கென்று இருந்த ஒரு பழைய கல்லூரியில் டீச்சர் டிரெயினிங் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தேன். எங்கள் இரண்டு பேரின் அமெரிக்க வாழ்க்கையும் என் மாணவர் விசா என்ற ஒற்றைக் காலில் நின்றது. நான் பாஸ் பண்ணி, ஏதாவது ஒரு பள்ளிக்கூடம் வேலை கொடுத்தால் இருப்போம். இல்லையென்றால் திருச்சிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே என் மாமியார் மாடி அறையைப் பெருக்கித் துடைத்து வைத்துவிட்டதாகக் கடிதம் போட்டிருந்தார். என்னைக் கண்விழித்துப் படிக்க வைத்தது கல்லூரி அல்ல, அந்தக் கடிதம்தான்.

ஹாஸ்டல் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர் மிஸஸ் பெர்ல். எழுபது தாண்டிய அமெரிக்கப் பாட்டியம்மா. முப்பதுகளில் நாடே வேலையில்லாமல் படுத்துக்கிடந்த காலத்தில் இதே கல்லூரியில், இதே ஹாஸ்டலில் படித்தவர். நாம் எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் அவரிடம் அதைவிடப் பெரிதாக ஒன்று இருக்கும். "எண்ணெய் விலை விழுந்ததா? நாங்கள் மாவு மூட்டைத் துணியில் கவுன் தைத்துப் போட்டோம் கண்ணே. என் முதுகில் மாவு மில்லின் பேர் இருக்கும்" என்பார். அதற்கு மேல் நமக்கு அழக்கூட வாய் வராது.

ஹாஸ்டலுக்குப் போன முதல் சனிக்கிழமை காலையில் துணி மூட்டையோடு கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். சலவை அறைக்குள்ளிருந்து தமிழ்க் குரல் கேட்டது. எனக்குப் புல்லரித்துவிட்டது. கல்லூரியில் நான் ஒருத்திதான் தமிழ் என்று நினைத்திருந்தேன்.

"சிவநேசன்!"

டமார் என்று ஒரு மூடி சாத்தும் சத்தம். தண்ணீர் இரைந்தது.

"ஓம், இரும். கலாராணி!"

எட்டிப் பார்த்தேன். கைத்தறிச் சேலை, காலில் வெள்ளை டென்னிஸ் ஷூ, தலையில் கம்பளிக் குல்லாய், கையில் சிவப்பு அட்டை போட்ட நீளமான நோட்டு. எதிரே இரண்டு வரிசையில் பன்னிரண்டு துணி துவைக்கும் மெஷின்கள். கலாராணி என்பது மூன்றாவது மெஷின். ஒன்பதாவது மெஷினில் "வேலை செய்யாது" என்று அட்டை தொங்கியது.

"தவராசா! தவராசா?" கொஞ்ச நேரம் காத்திருந்தாள். "இண்டைக்கும் வரேல்லை" என்று சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டாள்.

திரும்பியவள் என்னைப் பார்த்தாள். தமிழ் முகம் பார்த்த சந்தோஷம், கட்டிப்பிடிப்பது, ஊர் விசாரிப்பது, ஒன்றும் கிடையாது.

"நீர் புதுப் பிள்ளையோ? ஏன் பிந்தினீர்?"

"இல்லக்கா... நான் சும்மா துணி வாஷ் பண்ண வந்தேன்."

"பேர்?"

"கோமதி."

"முழுப் பேரைச் சொல்லும்."

சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். "பத்தாவது மெஷின் சும்மாதான் கிடக்கு. அதுக்குப் பக்கத்தில நில்லும். கோமதி!"

நம்புவீர்களோ மாட்டீர்களோ, பி.எஸ்சி. கணிதத்தில் முதல் வகுப்பில் தேறிய நான், ஒரு வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று, "பிரசன்ட் டீச்சர்" என்றேன். என் வாய் தானாகச் சொன்னது. நான் சொல்லவில்லை.

அந்தச் சிவப்பு நோட்டுக்குத்தான் இடாப்பு என்று பெயர். நம் ஊர் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் அவளுக்கு நான் வைத்த பேர் இடாப்பு அக்கா. அவள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் டீச்சராக இருந்தவள். ஊர் நிலைமை மோசமாகி, பள்ளிக்கூடம் மூடி, பிள்ளைகள் திக்குக்கு ஒருவராகச் சிதறிய பிறகு, டல்லாஸில் டாக்டராக இருந்த தம்பி அவளை வரவழைத்துக்கொண்டார். வரும்போது இரண்டு சேலையும் இந்த இடாப்பும்தான் எடுத்து வந்தாளாம். அங்கே வாங்கிய டீச்சர் சர்டிபிகேட் இங்கே செல்லாது என்பதால் மறுபடி முதலிலிருந்து டிரெயினிங்.

பன்னிரண்டு வருஷம் பாடம் நடத்தியவளை, சாக்பீஸை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத என்னோடு உட்கார வைத்தது அவளுக்கு அநியாயம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அநியாயம் எனக்கு ஐயா, எனக்கு!

போர்டில் அவள் எழுதினால் நூல் பிடித்த மாதிரி நேர்கோடு. நான் எழுதினால் கொடைக்கானல் பஸ். பேராசிரியை அவள் எழுத்துக்குக் கைதட்டிவிட்டு, என் எழுத்தைப் பார்த்து, "கோமதியிடம் ஒரு மேல்நோக்கிய வேகம் இருக்கிறது" என்றார். வகுப்பே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் வந்து, "கையை அசைக்காதையும், காலை அசையும். எழுத எழுத வலப்பக்கம் நடந்துகொண்டே போம். நேராய் வரும்" என்றாள். செய்து பார்த்தேன், வந்தது. நன்றி சொல்வதற்குப் பதிலாக, இது நமக்கு ஏன் தோன்றவில்லை என்று ராத்திரி சாப்பாடு இறங்காமல் படுத்தேன்.

தாளிப்பு விவகாரத்தைச் சொன்னால் என் பக்க நியாயம் உங்களுக்கே புரியும். ஹாஸ்டல் அறையில் சமைக்கக் கூடாது என்பது சட்டம். வேகவைத்த பீன்ஸும் ரொட்டியும் தின்று நாக்கு செத்துப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவைச் சாத்திவிட்டு மின்சார அடுப்பில் கடுகும் நாலே நாலு மிளகாய் வற்றலும் தாளித்தேன். ரசத்துக்குத்தான். அடுத்த நிமிஷம் கட்டடம் முழுக்க அபாய மணி அலறியது. நூற்றுச்சொச்சம் பெண்கள் இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும், குளியல் துண்டோடும் தலையில் ஷாம்பு நுரையோடும் புல்தரையில் வந்து நின்றார்கள். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன்.

இடாப்பு அக்கா என்ன செய்தாள் தெரியுமா? அத்தனை பேரையும் அறை எண் வரிசைப்படி நிற்கவைத்து அட்டெண்டன்ஸ் எடுத்தாள்! டெக்ஸாஸ் பெண்கள் நுரையோடு, "பிரசன்ட் டீச்சர், பிரசன்ட் டீச்சர்" என்று வரிசையாகச் சொல்கிறார்கள். கடைசியில், "முந்நூற்றுப் பதினாலாம் அறைப் பிள்ளை இல்லை" என்று தீயணைப்பு அதிகாரியிடம் சொன்னாள். அவர் ஓடிப் போய்ப் பார்த்தால், அந்தப் பெண் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அதிகாரி தொப்பியைக் கழற்றி அக்காவுக்குக் கை கொடுத்தார். கல்லூரிப் பத்திரிகையில் அவள் படம் வந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தாளித்தது நான், பேர் வாங்கியது அவள். இதற்குப் பொறாமைப்படாமல் வேறு எதற்குப் படுவது?

கடைசி செமஸ்டரில் பள்ளிக்கூடத்தில் போய்ப் பாடம் நடத்த வேண்டும். எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆரம்பப் பள்ளிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்பில் இரண்டு பிரிவு, பக்கத்துப் பக்கத்து அறை. இடையில் மெல்லிய சுவர்தான். அந்தச் சுவர்தான் எனக்கு எமன்.

நான் மினுமினுப்புத் தூள் ஒட்டிய சார்ட்டுகளோடு போனேன். என் வகுப்புப் பிள்ளைகள் தூளைச் சுரண்டி ஒருவர் தலையில் ஒருவர் தூவிக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் ஒரே நேரத்தில் நகரும் சத்தம். அவள் உள்ளே நுழைந்ததும் அத்தனை டெக்ஸாஸ் வாண்டுகளும் எழுந்து நின்று, நம் ஊர்ப் பள்ளிக்கூட ராகத்திலேயே, "குட்... மார்னிங்... டீ...ச்சர்" என்று இழுப்பார்கள். பிறகு வாய்ப்பாடு. ஆங்கிலத்தில்தான், ஆனால் மெட்டு நம்முடையது. டூ டூஸ் ஆர் ஃபோர் என்று அவள் அடியெடுத்துக் கொடுக்க, வகுப்பே ஆடிக்கொண்டு சொல்லும். மனப்பாடம் செய்யவைக்கக் கூடாது என்று கல்லூரியில் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பேராசிரியை கேட்டபோது, "இது மனப்பாடம் இல்லை, பாட்டு" என்றாள். விஷயம் முடிந்தது. மூன்றாம் வாரம் என் வகுப்புப் பிள்ளைகளே பக்கத்து அறை வாய்ப்பாட்டைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மார்ச் மாதம் தலைமையாசிரியை மிஸஸ் ஹாலிஸ் எங்களைக் கூப்பிட்டார். ஆறடி உயரம், சிரிக்காத முகம்.

"வரிப்பணம் இல்லை, மாவட்டம் முழுக்க ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் இங்கே ஒரு டீச்சர் ஓய்வு பெறுகிறார். அந்த ஓர் இடத்தை மட்டும் நிரப்ப அனுமதி வாங்கியிருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் வகுப்பில் ஒரு பாடம் நடத்துங்கள். உங்கள் பேராசிரியையும் வருவார். இறுதி மதிப்பெண்ணும் அதற்குத்தான், வேலையும் அதற்குத்தான்."

ஒரே இடம். எனக்கு மாமியாரின் மாடி அறை கண்ணில் தெரிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சொன்னாள்: "தம்பி வீட்டில எனக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை, பிள்ளை. ஆனா காலையில எழும்பினா ஒரு வகுப்பு வேணும். அது இல்லாமல் எனக்கு நாள் விடியிறேல்லை."

"எனக்கும் இந்த ஜாப் கண்டிப்பா வேணும்க்கா. இல்லேன்னா விசா போயிடும். ஊருக்குத்தான் போகணும்."

"தெரியும். வடிவாய்ச் செய்யும்" என்றாள். அவ்வளவுதான். ஒரு எரிச்சல், ஒரு முகச்சுளிப்பு? ம்ஹூம்! பொறாமைப்படக்கூடத் தெரியாத ஜன்மத்தோடு மனுஷி எப்படிப் போட்டி போடுவது?

அன்று மிஸஸ் பெர்லிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் வழக்கம்போல முப்பதுகளுக்குப் போய்விட்டார். அவருக்கும் அறைத்தோழிக்குமாகச் சேர்த்து ஒரே ஒரு ஜோடி நல்ல ஷூதான் இருந்ததாம். இரண்டு பேருக்கும் ஒரே நாளில், ஒரே வேலைக்கு இன்டர்வியூ. முதலில் போன பெர்ல், முடிந்ததும் ஓட்டமாக ஓடிவந்து ஷூவைக் கழற்றித் தோழியிடம் கொடுத்தாராம்.

"வேலை யாருக்குக் கிடைத்தது?" என்றேன்.

"அவளுக்கு. என் காலின் சூடு ஆறுவதற்குள் வாங்கிவிட்டாள், திருடி!" என்று சிரித்தார்.

நானாக இருந்தால் வழியில் காப்பி குடித்துவிட்டு மெதுவாக வந்திருப்பேன். வெளியில் சொல்லவில்லை.

எப்படி ஜெயிப்பது என்று யோசித்தேன். அப்போதுதான் எனக்குத் திருச்சியில் நான் படித்த பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் எங்கள் சமூகவியல் டீச்சர் முன்கூட்டியே சொல்லிவைப்பார்: "இன்ஸ்பெக்டர் முன்னாடி நான் கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும்டி. தெரிஞ்சவ வலது கை, தெரியாதவ இடது கை!" இன்ஸ்பெக்டர் பார்ப்பார், வகுப்பு முழுக்கக் கைகளாக இருக்கும். டீச்சர் ஒரு வலது கையைப் பார்த்து எழுப்புவார், பதில் கணீரென்று வரும், இன்ஸ்பெக்டர் மகிழ்ந்து போண்டா சாப்பிடப் போவார். சமூகவியலில் நான் நிரந்தர இடது கை.

டெக்ஸாஸ் தலைமையாசிரியைக்கு இந்த வித்தை எங்கே தெரியப்போகிறது? நாலு நாள் என் வகுப்புக்கு ஒத்திகை நடத்தினேன். பின்னங்கள்தான் பாடம். பாடத்தைவிடக் கையைத்தான் அதிகம் சொல்லிக் கொடுத்தேன். ஒழுங்காகத் தூக்கியவர்களுக்கு மிட்டாய். பிள்ளைகள் ஜோராகப் பழகிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இரண்டு வாரமாக வண்ண அட்டைகள் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டட்டும் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கடைசி வரிசை நாற்காலிகளில் மிஸஸ் ஹாலிஸ், பேராசிரியை, அவர்களுக்குப் பக்கத்தில் அடுத்து நடத்த வேண்டிய இடாப்பு அக்கா, மடியில் சாப்பாட்டு டப்பாவோடும் இடாப்போடும்.

முதல் கேள்வி கேட்டேன். "அரையில் எத்தனை கால் இருக்கிறது?" சர்ரென்று அத்தனை கைகளும் மேலே! மிஸஸ் ஹாலிஸின் புருவமும் மேலே! நான் ஒரு வலது கையை எழுப்பினேன், சரியான பதில். இரண்டாம் கேள்வி, மறுபடி எல்லாக் கையும். மூன்றாவதும் அப்படியே. பேராசிரியை வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் மாமியாருக்கு, மாடி அறையை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

நாலாம் கேள்விக்கும் கைகள் ஏறின. "அருமை" என்றார் மிஸஸ் ஹாலிஸ். "இதை மட்டும் நான் கேட்கலாமா? ஜோலீன், நீ சொல் கண்ணே."

ஜோலீன் என்பது இரட்டைப் பின்னல் போட்ட, பொய் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பெண் குழந்தை. அவள் தூக்கியிருந்தது இடது கை.

"எனக்குத் தெரியாது, மேடம்."

"பிறகு ஏன் கை தூக்கினாய்?"

"இது இடது கை, மேடம். இடது கை என்றால் தெரியாது என்று அர்த்தம். மிஸ் கோமதி சொல்லிக் கொடுத்தார்கள். மிட்டாயும் கொடுத்தார்கள்."

மிஸஸ் ஹாலிஸ் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஐயோ! நாலைந்து கைகளைத் தவிர மீதி அத்தனையும் இடது. பாவம், பிள்ளைகள் சொன்ன பேச்சைத் தட்டாமல் இன்னும் உயரத் தூக்கினார்கள். பேராசிரியையின் பேனா நின்றது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாகி, அந்தக் குரங்கும் நானே என்று நின்றேன். வேலை போனது மட்டுமில்லை. ஏமாற்றினாள் என்று எழுதினால் சர்டிபிகேட் போச்சு, விசா போச்சு, எல்லாம் போச்சு.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இடாப்பு அக்கா எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக முன்னால் வந்தாள்.

"முதல் பாதி முடிந்தது, மேடம்" என்றாள் ஆங்கிலத்தில். "தெரியாது என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வெட்கமாக இருக்கும். ஆகவே தெரியாதவர்களும் கை தூக்கலாம் என்று கோமதி பழக்கினாள். இப்போது யாருக்குத் தெரியாது என்று நமக்குத் தெரியும். இனி இரண்டாம் பாதி, கற்பிப்பது. அது என் பங்கு."

என்னிடம் தமிழில், வாயசையாமல், "வாயைப் பிளந்துகொண்டு நில்லாதையும். வலக்கைப் பிள்ளையளை எழுப்பி இடக்கைப் பிள்ளையளுக்குப் பக்கத்தில இருத்தும்" என்றாள்.

இருத்தினேன். வேறென்ன செய்ய! அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மத்தியானத்துக்கு வைத்திருந்த மூன்று தேங்காய் ரொட்டிகளை எடுத்தாள். ஒரு ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள், இரண்டை நாலாகப் பிய்த்தாள். "அரையில் எத்தனை கால்?" என்று கேட்டு ஜோலீன் கையிலேயே துண்டுகளைக் கொடுத்தாள். ஜோலீன் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். "இப்போது எத்தனை கால் மிச்சம்?" வகுப்பே கூச்சல் போட்டது. மூன்று ரொட்டியும் தீர்வதற்குள் பின்னம் முடிந்துவிட்டது. மறுபடி கேள்வி கேட்டபோது இடது கைகள் ஒவ்வொன்றாக இறங்கி வலது கைகள் ஏறின. ஜோலீன் மட்டும் இரண்டு கையையும் தூக்கினாள். பதில் தெரியுமாம், இன்னும் ரொட்டியும் வேண்டுமாம்.

மணி அடித்தது. நேரம் முடிந்துவிட்டது. பக்கத்து அறையில் அவளுடைய சொந்த வகுப்பும், இரண்டு வாரமாக வெட்டிய வண்ண அட்டைகளும் காத்திருந்தபடியே இருந்தன. அவள் தன் பாடத்தை நடத்தவே இல்லை.

மிஸஸ் ஹாலிஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது யாருடைய யோசனை?"

"இரண்டு பேருடையதும்" என்றாள் அக்கா, கண்ணிமைக்காமல்.

மிஸஸ் ஹாலிஸ் இருபது வருஷத் தலைமையாசிரியை. அவர் காதில் பூச்சுற்ற முடியுமா? அன்றைக்கே வேலையை அக்காவுக்குத்தான் கொடுத்தார். என் அறிக்கையில், "முதல் பாதி போதுமானது. இரண்டாம் பாதியையும் இவர் தாமே நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று எழுதி என்னைப் பாஸ் போட்டார். அந்த சர்டிபிகேட்டை வைத்துத்தான் ஆகஸ்டில் ஹூஸ்டனில், கணக்கு டீச்சர் கிடைக்காமல் தவித்த ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. விசா பிழைத்தது. மாமியாரின் மாடி அறைக்கு ஒரு வங்கி ஊழியர் குடிவந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் சந்தோஷப்பட்டேனா? அழுதேன். நன்றியிலா என்றால், பாதிதான். மீதிப் பாதி எரிச்சல். என்னைக் காப்பாற்றுவதிலும் முதல் மார்க் அவளேதான் வாங்க வேண்டுமா?

பள்ளிக்கூட வாசல் பெஞ்சில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோது கேட்டேவிட்டேன். "ஏன்க்கா அப்படிப் பண்ணீங்க? நீங்க சும்மா இருந்திருந்தா ஜாப் எப்படியும் உங்களுக்குத்தானே? உங்க லெசனையே விட்டுட்டு எனக்காக எதுக்கு எழுந்து வந்தீங்க?"

அவள் தெருவைப் பார்த்தபடி இடது கையைத் தூக்கினாள்.

"விளையாடாதீங்கக்கா. நான் சீரியஸா கேக்கறேன். உங்கமேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா?"

"தெரியும். அது உம்மட முகத்தில நல்ல வடிவாய் எழுதியிருக்கு, நேர்கோட்டில." பிறகு இடாப்பைப் பிரித்து என் மடியில் வைத்தாள். முப்பத்தொரு பேர், அழகான எழுத்தில். சிவநேசன், கலாராணி, தவராசா. பக்கத்தில் தினம் தினம் போட்ட குறிகள். ஊரை விட்டு வந்த பிறகும் ஒரு நாள் விடாமல் போட்டிருந்தாள். "எங்கை இருக்குதுகளோ தெரியாது. இடாப்பில பேர் இருந்தால் கூப்பிடத்தானே வேணும்" என்றாள்.

முப்பத்திரண்டாவது பேர் என்னுடையது. சலவை அறையில் எழுதியது.

"இதில இருந்து இனி ஒரு பேரும் குறையக் கூடாது, பிள்ளை. அவ்வளவுதான். பஸ் வருது, எழும்பும்."

ஹாஸ்டலுக்கு வந்து மிஸஸ் பெர்லிடம் வேலை அக்காவுக்கு என்று சொன்னேன். "ஷூ யாருடையது?" என்று கேட்டார். "அவளுடையது. போட்டுக்கொண்டு வந்தது நான்" என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, மேஜை டிராயரிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது கிளைமாக்ஸ். எழுபது தாண்டி, எனக்கும் பிறகுதான் அவள் ரிட்டயர் ஆனாள்; அப்போது டல்லாஸ் பக்கம் ரிச்சர்ட்சனில் ஒரு ஹாலில் விழா எடுத்தார்கள். என் பெண் கார் ஓட்ட, ஹூஸ்டனிலிருந்து போயிருந்தேன். வழியெல்லாம், நான் ரிட்டயர் ஆனபோது ஸ்டாஃப் ரூமில் ஒரே ஒரு கேக் வெட்டியதை நினைத்துக்கொண்டே வந்தேன். இங்கே ஹால் நிரம்பி வாசலில் நிற்கிறார்கள். நாற்பது வயது டெக்ஸாஸ் ஆண்களும் பெண்களும், அவள் உள்ளே நுழைந்ததும் நாற்காலிகள் ஒரே நேரத்தில் நகர எழுந்து நின்று, "குட்... மார்னிங்... டீ...ச்சர்" என்று இழுத்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு!

அவள் மைக்கைப் பிடித்தாள். பேச்சு கிடையாது. சிவப்பு அட்டை நைந்துபோன அதே இடாப்பு.

"சிவநேசன்!" சத்தமில்லை. "கலாராணி!" சத்தமில்லை. யாரும் பதில் சொல்லமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒவ்வொரு பேருக்கும் அவள் காத்திருந்தாள், அன்று மெஷின்களுக்கு முன்னால் காத்திருந்த மாதிரியே.

"தவராசா!"

"பிரசன்ட் டீச்சர்!"

பின் வரிசையில் வழுக்கைத் தலையோடு ஒருவர் எழுந்து நின்றார். டொரொண்டோவிலிருந்து விமானத்தில் வந்திருந்தாராம். தம்பி டாக்டர் எப்படியோ தேடிப் பிடித்து, அவளுக்குத் தெரியாமல் வரவழைத்திருந்தார். "ஐயோ, ஒன்பதாவது மெஷின்!" என்று நான் கத்திவிட்டேன். பக்கத்திலிருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அக்கா ரொம்ப நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கவும் இல்லை. "ஏன் பிந்தினீர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பேனாவை எடுத்து இடாப்பில் குறித்துக்கொண்டாள்.

முப்பத்திரண்டாவது பேர் வந்தது.

"கோமதி!"

"பிரசன்ட் டீச்சர்."

கண்ணாடியை இறக்கி, அத்தனை கூட்டத்துக்கு முன்னால் மைக்கில் கேட்டாள்: "என்னில இன்னும் பொறாமையோ, பிள்ளை?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் வலது கையைத் தூக்கினேன்.

"அது ஏனெண்டு தெரியுமோ?"

தூக்கிய வலது கையை நான் இறக்கவே இல்லை.